பெயர்ப்பலகைக்குப் பின்னால் வரும் பில்

2019 மார்ச்சில், உயர்மட்ட ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் இந்தியாவில் முதல்முறையாகப் பதவியேற்றபோது அந்த அமைப்புக்கு உட்கார இடம் இல்லை. சட்டம் 2013 டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தலைவரை நியமிக்கவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடிப்போயிற்று. அத்தனை காலம் கிடைத்தும் கட்டடம் தயாராக இல்லாததால், தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியில் அறைகளை எடுத்து அங்கே அலுவலகம் போட்டார்கள். மாத வாடகை சுமார் 50 லட்சம் ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டபோது, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிவரை 3.85 கோடி ரூபாய் வாடகை கொடுத்திருப்பது தெரியவந்தது. லோக்பாலிடம் எந்தப் படிவத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் 2020 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டன. அதுவரை வந்த புகார்களை வந்த வடிவத்திலேயே வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி வந்தபோது எல்லோர் கண்ணும் விடுதி மேல்தான் போனது. எனக்கு அந்தப் படிவம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. வாடகைக்கு ரசீது இருக்கும், தணிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். சம்பளமும் வாடகையும் காரும் ஓட்டுநரும் ஓடிக்கொண்டிருக்க, வேலைக்கு வேண்டிய முதல் கருவி வந்து சேர ஒரு வருடம் ஆனதே, அதற்கு எந்த ரசீது? புதிதாக ஓர் அரசு அமைப்பை உண்டாக்குவதில் ஆகும் செலவில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கணக்கில் ஏறுவதில்லை, ஆனால் ஆகிவிடுகிறது.

கணக்கில் ஏறும் பகுதியை முதலில் பார்த்துவிடலாம். மக்களவையின் நடைமுறை விதி 69, செலவு பிடிக்கும் எந்த மசோதாவோடும் ஒரு நிதிக் குறிப்பாணையை இணைக்கச் சொல்கிறது. எந்தப் பிரிவால் செலவு வரும், அதில் தொடர் செலவினம் எவ்வளவு, தொடராச் செலவினம் எவ்வளவு என்று அதில் சொல்ல வேண்டும். தொடர் என்பது சம்பளம், வாடகை, மின்கட்டணம். தொடராதது மேசை, நாற்காலி, கணினி, வண்டி. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்திலும் இதே பெயரில் இதே மாதிரி ஓர் ஆவணம் உண்டு. பெரும்பாலான மக்களாட்சிகளில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கும்.

ஆனால் அந்தத் தாளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: இந்தக் கட்டத்தில் செலவைத் துல்லியமாக மதிப்பிட இயலாது. இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. எழுதுகிற அதிகாரிக்கு உண்மையிலேயே தெரியாது. அலுவலகம் எங்கே வரும், எத்தனை பேர், கிளைகள் உண்டா, எதுவும் முடிவாகியிருக்காது. அவையெல்லாம் சட்டம் வந்தபிறகு விதிகளில் வருகிறவை. இன்னொரு காரணமும் இருக்கிறது. குறிப்பாணையை எழுதுவது மசோதாவைக் கொண்டுவருகிற அதே துறை. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற ஏற்பாடு. எண் பெரிதாக இருந்தால் மசோதா தடுமாறும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஸ்காட்லாந்து தன் சொந்த சமூகப் பாதுகாப்பு முகமையை 2018இல் தொடங்கியது. மசோதாவோடு வந்த குறிப்பாணையில் அமைப்புப் பணிகளுக்கு 30.8 கோடி பவுண்டு என்று போட்டிருந்தார்கள். பின்னால் திருத்தப்பட்ட மதிப்பீடு 65.1 கோடி பவுண்டுக்குப் போனது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குறிப்பாணை எழுதியபோது யோசனையிலேயே இல்லாத குழந்தைகளுக்கான உதவித்தொகை போன்றவை வழியில் ஏறிக்கொண்டன. அமைப்பு என்று ஒன்று பிறந்துவிட்டால் அதன் தலையில் புதுப் பொறுப்புகள் வந்து உட்காருவது வழக்கம்தான். முதல் மதிப்பீட்டில் அதற்கு இடம் விடுவது மட்டும் வழக்கத்தில் இல்லை.

சரி, சட்டம் வந்தாயிற்று, தலைவரும் வந்தாயிற்று. முதல் நாள் காலையை நினைத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு மேசை, தாய்த்துறையிலிருந்து இரவலாக வந்த ஓர் உதவியாளர். ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தாள் அச்சாகவில்லை. முத்திரை இல்லை. தபால் பதிவேடு இன்னும் திறக்கவில்லை. தபால் தலை வாங்கச் சில்லறைச் செலவுக்கு முன்பணம் வேண்டும். முன்பணம் எடுக்க, பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்று ஒருவரை ஆணை போட்டு அறிவிக்க வேண்டும். அவருக்குக் கருவூலத்தில் ஒரு குறியீடு வேண்டும். குறியீடு கேட்டால், எந்தக் கணக்குத் தலைப்பில் என்று கேட்பார்கள். தலைப்புத் திறக்க நிதித் துறையும் கணக்குத் துறையும் ஒப்ப வேண்டும். நிதியாண்டின் நடுவில் பிறந்த அமைப்பு என்றால் பட்ஜெட்டில் அதன் பெயரே இருக்காது. அவையிடம் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை வரும்வரை தாய்த்துறையின் பையிலிருந்துதான் பிழைக்க வேண்டும். யாருடைய தலையீடும் இல்லாமல் இயங்குவதற்காக உண்டாக்கிய ஆணையம், தன் முதல் சில மாதங்களில் தபால் தலைக்குக்கூடத் தாய்த்துறையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஆட்கள். பணியிடங்களை உருவாக்கி, ஆட்சேர்ப்பு விதிகளை எழுதி, விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து ஆள் எடுக்க ஒன்றிரண்டு ஆண்டுகள் சாதாரணமாகப் பிடிக்கும். அதுவரை அயற்பணி. மற்ற துறைகளிலிருந்து ஆட்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் போகும். தன்னிடம் இருக்கும் கெட்டிக்காரரை விட்டுக்கொடுக்க எந்தத் துறைத் தலைவருக்கும் மனம் வராது. அப்படியே விட்டுக்கொடுத்தாலும், அவர் விட்டுப்போன நாற்காலி காலி. அங்கே இன்னொருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார். அதாவது, பாதி பார்த்துக்கொள்வார். புதிய அமைப்பின் கணக்கில் ஒரு சம்பளம் தெரியும். பழைய துறையில் தேங்கிய கோப்புகள் எந்தக் கணக்கிலும் தெரியாது.

சிறிய அமைப்புகளின் கதை இன்னும் மோசம். பத்துப் பேர் மட்டுமே வேலை பார்க்கும் ஆணையர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சம்பளப் பட்டியல் போட ஒருவர் வேண்டும். கணக்கு எழுத வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். தகவல் கேட்டு வரும் மனுக்களுக்கு ஓர் அலுவலர், இணையதளம், கணினிப் பாதுகாப்பு, ஆண்டறிக்கை, அதை அவையில் வைப்பதற்கான அச்சுப்பிரதி. ஆயிரம் பேர் இருக்கும் துறையில் இவையெல்லாம் ஆளுக்குச் சில ரூபாயாகப் பிரிந்துபோகும். பத்துப் பேர் அலுவலகத்தில் மூன்று பேர் இதற்கே போய்விடுவார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஸ்காட்லாந்தில் இப்படிச் சின்னச் சின்ன ஆணையர் அலுவலகங்கள் பெருகிக்கொண்டே போனபோது, 2024இல் அந்த நாடாளுமன்றத்தின் நிதிக் குழு ஒரு நிறுத்தம் கேட்டது: ஏற்கெனவே இருப்பவற்றை முழுதாக ஆராய்ந்து முடிக்கும்வரை புதிதாக எதையும் தொடங்க வேண்டாம் என்று.

சட்ட வடிவம் என்ற ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு வக்கீல்களின் சமாச்சாரம் போலத் தோன்றும். மறுபடி ஸ்காட்லாந்துக்கே போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 2013 ஏப்ரலில் அங்கே எட்டு வட்டாரக் காவல் படைகளை ஒன்றாக்கி ஒரே தேசியக் காவல் துறை ஆக்கினார்கள். தீயணைப்புப் படைகளையும் அப்படியே செய்தார்கள். எட்டுத் தலைமையகம் எதற்கு, ஒன்று போதாதா என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் தாங்கள் கட்டும் மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். பழைய படைகள் உள்ளாட்சியோடு பிணைந்திருந்ததால் அவற்றுக்கும் அந்தச் சலுகை இருந்தது. புதிய அமைப்புகளுக்குப் பணம் நேராக ஸ்காட்லாந்து அரசிடமிருந்து வந்தது. அதனால் சலுகை போயிற்று. சீருடை, வண்டி, எரிபொருள், கணினி என்று எது வாங்கினாலும் வரி. இரண்டு அமைப்புகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி பவுண்டு.

இது தெரியாமல் நடந்த விபத்து இல்லை. இணைப்புக்கு முன்பே பிரிட்டன் நிதியமைச்சகம் எச்சரித்திருந்தது. சேமிப்பு அதைவிடப் பெரிதாக இருக்கும் என்ற கணக்கில் மேலே போனார்கள். பிறகு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இரு அரசுகளும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் பட்ஜெட்டில்தான் விதியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் 17.5 கோடி பவுண்டு அளவுக்கு வரி கட்டியாகியிருந்தது. அதே காவலர்கள், அதே வண்டிகள், அதே தெருக்கள். பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பது மட்டும் மாறியதற்கு அந்த விலை.

இணைப்பிலும் பிரிப்பிலும் எப்போதும் வரும் இன்னொரு செலவு சம்பளச் சமன்பாடு. இரண்டு அலுவலகங்களைச் சேர்த்தால், ஒரே வேலைக்கு இருவேறு சம்பளம் வாங்குகிறவர்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருவார்கள். அதிகம் வாங்குகிறவரைக் குறைக்க முடியாது. ஆகவே தண்ணீர் போலில்லாமல் சம்பளம் எப்போதும் மேல்நோக்கித்தான் மட்டம் தேடும். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சகத்தையும் சர்வதேச வளர்ச்சித் துறையையும் 2020இல் இணைத்தபோது இந்தப் பிரச்சினை வந்தது. அந்த இணைப்புக்கு நேரடியாகக் குறைந்தது 2.47 கோடி பவுண்டு ஆகியிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024இல் மதிப்பிட்டது. துறையிடம் முழுச் செலவுக்கான கணக்கு இல்லை. அப்படி ஒன்றை அது வைத்துக்கொள்ளவே இல்லை. தணிக்கையாளர்களே கூட்டிப் போட வேண்டியிருந்தது.

இதே தணிக்கை அலுவலகம் 2010இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டது. பொது அமைப்புகளின் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். 2005 மே முதல் 2009 ஜூன் வரை பிரிட்டனின் மத்திய அரசில் 90க்கும் மேற்பட்ட மறுசீரமைப்புகள் நடந்திருந்தன. அவற்றில் 51ஐ எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 78 கோடி பவுண்டு, சராசரியாக ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி. அதில் ஏறக்குறைய 85 சதவீதம், துறைகளுக்கு வெளியே தனித்து இயங்கும் அமைப்புகளைத் தொடங்கவும் மாற்றவும் போனது. தலைப்புச் செய்தியில் வருவது அமைச்சகங்களின் பெயர் மாற்றம், பணம் போவது இந்தப் பக்கம். எந்த மறுசீரமைப்பிலும் அதனால் கிடைத்த பலனை அளக்க முன்கூட்டி அளவுகோல் வைக்கப்படவில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. 1980 முதல் அங்கே 25 துறைகள் உருவாகி, அவற்றில் 13 அப்போதே காணாமல் போயிருந்தன. அமெரிக்காவில் அதே காலத்தில் உருவானவை இரண்டு. புத்தாக்கம், பல்கலைக்கழகங்கள், திறன்கள் துறை என்று ஒன்றை 2007 ஜூனில் தொடங்கி 2009 ஜூனில் மூடினார்கள். பெயர்ப்பலகைப் பெயின்டர்களுக்கு நல்ல காலம்.

அமைப்பு இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, ஊழியர்களும் இருக்கிறார்கள், ஆனால் வேலை மட்டும் நடக்க முடியாது என்ற நிலையும் உண்டு. இந்தியாவில் இணையம், கணினி தொடர்பான வழக்குகளுக்கென இருந்த சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் 2011 ஜூனில் ஓய்வு பெற்றார். தலைவர் இல்லாமல் அமர்வு அமைக்கச் சட்டத்தில் வழியில்லை. அடுத்த தலைவர் வரவே இல்லை. 2017இல் அதைத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு இணைத்துவிட்டார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் வழக்குகள் அப்படியே கிடந்தன. இங்கே செலவை யார் ஏற்றார்கள் என்று யோசித்தால், அரசைவிட அதிகமாக மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தான். தனியாக ஒரு தீர்ப்பாயம் இருந்ததால் அவர்கள் அங்கேதான் போக வேண்டியிருந்தது.

தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு, அரசுக்கு ஒரு பைசா செலவில்லை என்று சிலவற்றைப் பற்றிச் சொல்வார்கள். பங்குச் சந்தை, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்றவற்றின் ஒழுங்குமுறை ஆணையங்கள் பல நாடுகளில் தாங்கள் கண்காணிக்கும் நிறுவனங்களிடமே கட்டணம் வசூலித்து நடக்கின்றன. பட்ஜெட்டில் சுமை தெரியாது என்பது உண்மை. நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளரின் பில்லில் சேர்த்துவிடும் என்பதும் உண்மை. வரியாக வர வேண்டியது கட்டணமாக வருகிறது, அவ்வளவுதான். பட்ஜெட் விவாதம் என்ற ஒரு தடுப்பு இல்லாமல் போவதால், இங்கே செலவு இன்னும் சத்தமில்லாமல் வளரும்.

இவ்வளவும் சொன்னதால் புதிய அமைப்பே கூடாது என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்தல் நடத்துகிறவரும் கணக்குத் தணிக்கை செய்கிறவரும் அமைச்சரின் அலுவலகத்தில் ஒரு பிரிவாக இருந்தால் செலவு குறையும்தான். அந்தச் சேமிப்பு யாருக்கும் வேண்டாம். தனிக் கட்டடம், தனிக் கணக்கு, தனி ஆட்கள் என்று கொடுக்கும் கூடுதல் காசு அங்கே சுதந்திரத்துக்கான விலை. ஆகவே புதிய அமைப்பு என்று யாராவது அறிவித்தால் எவ்வளவு ஆகும் என்பதோடு, எதோடு ஒப்பிட்டு என்றும் கேட்க வேண்டும். இருக்கிற துறையில் பத்துப் பேர் கொண்ட பிரிவாக இதையே செய்தால் என்ன குறையும்? சுதந்திரம் குறையும் என்பது பதிலானால், அந்தச் சுதந்திரம் நிஜமாகவே கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைவரை நீக்கும் அதிகாரமும் ஆண்டுதோறும் பணம் விடுவிக்கும் அதிகாரமும் அதே துறையிடம் இருந்தால், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் வந்த மாதிரி.

படிப்படியாகத் தொடங்கும் வழி ஒன்றுண்டு. இந்தியாவின் பங்குச் சந்தை வாரியமான செபி 1988இல் வெறும் நிர்வாக ஆணையால் பிறந்தது. சட்ட அதிகாரம் 1992இல்தான் வந்தது. ஆதார் ஆணையமும் 2009இல் அப்படியே தொடங்கி 2016இல்தான் சட்டம் பெற்றது. அனுபவம் சேர்ந்தபிறகு சட்டம் எழுதுவதால் என்ன தேவை, எத்தனை பேர் தேவை என்பது ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் இடைக்காலத்தில் அதிகாரம் கிடையாது. செபியால் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் அறிவுரைதான் சொல்ல முடிந்தது. ஆதார் விஷயத்தில், சட்டமே இல்லாமல் கோடிக்கணக்கானோரின் விவரங்களைத் திரட்டலாமா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது.

மூடினால் பணம் மிஞ்சும் என்ற நம்பிக்கையும் அடிக்கடி பொய்க்கிறது. 2010இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு, குவாங்கோ என்று கேலியாக அழைக்கப்படும், துறைகளுக்கு வெளியே தனித்து இயங்கும் அமைப்புகளைக் கூட்டாக ஒழிக்கப் போவதாக அறிவித்தது. 901 அமைப்புகளை ஆராய்ந்து 192ஐ மூடுவதாகப் பட்டியல் வந்தது. மூடுவதற்கே 42.5 கோடி பவுண்டு செலவாகும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். 2012இல் அந்த மதிப்பீடு 83 கோடியை எட்டியது. பணிக்கொடை, ஓய்வூதியப் பொறுப்பு, பாதியில் முறிக்கும் வாடகை ஒப்பந்தம் என்று எல்லாம் சேர்ந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒன்று, இங்கிலாந்தின் உள்ளாட்சிகளைத் தணிக்கை செய்துவந்த ஆடிட் கமிஷன். ஆண்டுக்கு ஐந்து கோடி பவுண்டு மிஞ்சும் என்று சொல்லி 2015 மார்ச்சில் மூடினார்கள். தணிக்கை தனியார் நிறுவனங்களுக்குப் போனது. கட்டணம் குறைந்தது, ஆட்களும் குறைந்தார்கள். தணிக்கை தேங்கித் தேங்கி, 2022-23ஆம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை முடித்து உரிய தேதிக்குள் வெளியிட்ட உள்ளாட்சிகள் ஒரு சதவீதம் என்ற நிலைக்கு வந்தது. 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது: உள்ளாட்சித் தணிக்கைக்கு ஒரு புதிய தேசிய அலுவலகம் தொடங்கப்படும். கட்டடம், கணினி, ஆட்சேர்ப்பு எல்லாம் இனி முதலிலிருந்து.

பிறக்கும்போதே இறக்கும் தேதியையும் எழுதிவிட்டால் என்ன என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1977இல் ஒரு சட்டம் போட்டது. அதன்கீழ் வரும் அமைப்புகளை ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை ஆராய்வார்கள். தேவை என்று சட்டமன்றம் புதுப்பித்தால் நீடிக்கும், இல்லையென்றால் தானாகவே முடிந்துவிடும். யோசனை எனக்குப் பிடிக்கும், அது பல தேவையற்ற அமைப்புகளை முடித்தும் வைத்திருக்கிறது. ஆனால் 2017இல் புதுப்பிக்க வேண்டியவற்றில் மாநில மருத்துவ வாரியமும் ஒன்று. மருத்துவர்களுக்கு உரிமம் கொடுப்பது அதுதான். அதை மூட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேறொரு அரசியல் இழுபறியில் சிக்கி அந்த மசோதா வழக்கமான கூட்டத்தொடரில் நிறைவேறாமல் போயிற்று. வாரியத்தின் ஆயுளை நீட்டிப்பதற்காக, ஆளுநர் ஜூலையில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.